கறுப்பு எண்ணெய் சொல்லும் சேதி



நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், பகாவ் வட்டாரங்களில் பால்மரம் நின்ற பல நிலங்களில் இன்று செம்பனை நிற்கிறது. ஆயினும், அக்காலத்தில் வெட்டுக்காட்டுக்குப் பால் வாளிகளைச் சுமந்த சின்ன ஹோண்டா வண்டிகளில் சில இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஜப்பானில் 1958ஆம் ஆண்டு முதன்முதலாக விற்பனைக்கு வந்த ஹோண்டா ‘சூப்பர் கப்’ வகையைத்தான் நாம் ‘கப்சாய்’ என்கிறோம்.

இந்தப் பழைய எஞ்சின்களின் ‘மினியாக் ஹீத்தாமை’ இறக்கும்போது அதில் உலோகத் துகள்கள் மின்னுவதுண்டு. அதைக் கண்டதும் சிலர் பதறி எஞ்சினையே பிரித்துவிடுகிறார்கள். வேறு சிலர் பார்க்காமலேயே எண்ணெயைக் கொட்டிவிடுகிறார்கள். இரண்டுமே நட்டம்தான். அப்படியானால் என்ன செய்யவேண்டும்?

துகள் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். பழைய கப்சாயில் எஞ்சின், கிளட்ச், கியர் ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். அதுவும் சுமார் முக்கால் லிட்டர். கார்களில் உள்ளதுபோல் கழற்றி மாற்றும் காகித வடிகட்டி இதில் இல்லை. ஹோண்டா எழுபது போன்ற வண்டிகளில் ஒரு கம்பி வலையும், கிளட்சோடு சுழலும் ஒரு கிண்ணமும் உண்டு. ரப்பர் ஆலையில் சுழல் இயந்திரம் கனமான நீரை வெளிப்புறம் தள்ளிப் பாலைக் கெட்டியாக்குகிறது அல்லவா? அதுபோலவே இந்தக் கிண்ணமும் கனமான துகள்களை ஓரத்தில் ஒட்டவைக்கிறது. அதைத் துடைக்காமல் விட்டால் துகள்கள் எண்ணெயோடு சுற்றி மற்றப் பாகங்களையும் அரிக்கும். ஒரு தேய்மானம் இன்னொரு தேய்மானத்தைப் பெற்றெடுக்கும்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் கியர் எண்ணெய் தனி. அதில் துகள் கண்டால் கியர், கிளட்ச் பக்கம்தான் பார்க்கவேண்டும். பிஸ்டன்மீது பழிபோட வேண்டியதில்லை.

சோதிக்கும் முறை எளிது. வண்டியைச் சற்று ஓட்டி, எண்ணெய் இளஞ்சூடானதும் இறக்குங்கள். ஆறிக் கிடந்த எண்ணெயில் துகள்கள் அடியில் தங்கிவிடும். பால் கொட்டாயில் பாலை வடிகட்டுவதுபோல், வெள்ளைத் துணியில் எண்ணெயை வடிகட்டுங்கள். பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் துணிக்கு அருகில் கொண்டுசெல்லுங்கள்.

மாவுபோன்ற சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டினால் கவலையில்லை. அது அன்றாடத் தேய்மானம். ஊசிபோலவோ செதில்போலவோ துண்டுகள் ஒட்டினால் கியர் பற்களையும் பேரிங்கையும் பார்க்கவேண்டும். காந்தத்தில் ஒட்டாத வெண்மினுக்கு அலுமினியமாக இருக்கலாம். பிஸ்டனையோ எஞ்சின் கூட்டையோ ஐயுறவேண்டும். பித்தளை நிறம் தெரிந்தால் புஷ், வாஷர் போன்றவை தேய்கின்றன. எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஒருமுறை கண்டதைவிட, முறைக்குமுறை கூடுகிறதா என்பதே முக்கியம். ஆகவே, துணியைத் தேதி, ஓடிய தூரம் இரண்டும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அமெரிக்க ரயில்வே நிறுவனங்கள் 1940களிலேயே டீசல் எஞ்சின்களின் எண்ணெயைச் சோதித்து, பழுதை முன்கூட்டியே அறிய முயன்றன. நம் துணியும் காந்தமும் அதே வேலையைச் சிறிய அளவில் செய்கின்றன.

செதில் கண்டும் ஓட்டினால் என்ன ஆகும்? உடைந்த பல் ஒன்று இரண்டு கியர்களுக்கு நடுவே சிக்கினால் பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். செம்மண் சரிவில், பின்னால் பள்ளிப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது அது நேர்ந்தால், உயிருக்கே ஆபத்து. வண்டி பழுதாவது பணச் செலவோடு போகும், இது அப்படியல்ல.

இன்னுமொன்று. பழைய எண்ணெய் தோலில் அடிக்கடி பட்டால் தோல் புற்றுநோய் வரக்கூடும். கையுறை அணியுங்கள், சோப்புப்போட்டுக் கழுவுங்கள். அதைக் கால்வாயிலோ மரத்தடியிலோ ஊற்றாதீர்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அது அட்டவணைக் கழிவு. மூடிய கலத்தில் சேர்த்து, பழைய எண்ணெயை முறையாகச் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள்.

எண்ணெயை மாற்றுமுன் ஐந்து நிமிடம் அதைப் பார்ப்போம். எஞ்சின் தன் நோயைத் தானே சொல்லும். கேட்டுக்கொள்வது நம் பொறுப்பு.