வீட்டுக்கு ஒரு தையற்பொறி



தையற்பொறியைப் பற்றிப் பேசுவதற்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவனுக்கு என்ன தகுதி இருக்கிறது என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். தகுதி ஒன்று உண்டு. அதனைப் பற்றி ஒன்றும் அறியாமலே ஒருவருக்கு அறிவுரை கூறி, அவருடைய பொருளையும் உழைப்பையும் வீணாக்கியவன் நான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பணியிலிருந்த கடைசி ஆண்டில், எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் தாயார் என்னைக் காண வந்தார். கணவரை இழந்தவர், சத்துணவுக் கூடத்தில் உதவியாளராக இருந்தவர், கைத்தையலில் நல்ல பழக்கமுடையவர். “வீட்டிலிருந்தே தைத்து நாலு காசு பார்க்கலாம் என்றிருக்கிறேன் சார். சாதாரண மெஷினாக ஒன்று போதும். எதை வாங்கலாம்?” என்று கேட்டார். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் ஒரு விளம்பரம் என் கண்ணில் பட்டிருந்தது. சிறிய பிளாஸ்டிக் பொறி, மின்கலத்தில் ஓடுவது, எடையும் குறைவு, விலையும் குறைவு. எளிமை என்றால் இதுதான் எளிமை என்று துணிந்து சொல்லிவிட்டேன். அவர் மறு கேள்வி கேட்கவில்லை. வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஊர் எங்கள் ஊர்.

அவ்வாண்டுப் பள்ளி விழாவில் கும்மியாடும் பெண்களுக்குப் பதினெட்டுப் பாவாடைகள் தைக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தோம். விழாவன்று, ஆட்டத்தின் நடுவில், ஒரு பெண்ணின் பாவாடையில் தொங்கிக்கொண்டிருந்த நூல் நுனி பக்கத்திலிருந்தவளின் வளையலில் சிக்கியது. ஒரே இழுப்பு, பக்கத்தையல் மேலிருந்து கீழ்வரை சரசரவெனப் பிரிந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே திரைக்குப் பின்னால் ஓடினாள். தைத்துக் கொடுத்தவர் கடைசி வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாட் காலை, வாங்கிய கூலியை ஒரு தாளில் மடித்து என் மேசைமீது வைத்தார். தவறு அவருடையதன்று.

அந்தச் சிறு பொறி ஒற்றை நூலால் தைப்பது. ஒரு வளையத்துக்குள் மற்றொரு வளையமாக நூலைக் கோத்துச் செல்லும் இதற்குச் சங்கிலித் தையல் என்று பெயர். கடைசி வளையத்தைக் கட்டாது விட்டால், நுனியை இழுத்த மாத்திரத்தில் முழுவதும் அவிழ்ந்துவிடும். அரிசி மூட்டையின் வாயைப் பிரிக்கும்போது இதைக் கண்டிருப்பீர்கள். மூட்டைக்கு அது நன்மை. பாவாடைக்கு அது கேடு.

பிரான்சு நாட்டுத் தையற்காரர் திமோனியே 1830-இல் உரிமம் பெற்ற பொறியும் சங்கிலித் தையலே இட்டது. அவருடைய பொறிகள் படைவீரர்களின் உடைகளைத் தைத்தன. பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய பாரிசு நகரத் தையற்காரர்கள் பட்டறைக்குள் புகுந்து அவற்றை நொறுக்கினர். பின்னர் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-இல் உரிமம் பெற்ற பொறியில் இரண்டு நூல்கள் வேலை செய்தன. கூர்முனையருகே காதுள்ள ஊசி ஒரு நூலைத் துணிக்குள் கொண்டுசெல்ல, மறுபுறத்திலிருந்து ஓடம் மற்றொரு நூலை அதன் வளையத்துக்குள் செலுத்தும். இரு நூல்களும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஓரிடத்தில் அறுந்தாலும் உடனே முழுவதும் அவிழாது. 1851-இல் ஐசக் சிங்கர் நேர்நிற்கும் ஊசியோடு தம் பொறியைக் கொண்டுவந்தார். இயந்திரங்களை ஐயத்தோடு நோக்கிய காந்தியடிகள், 1924-இல் அதுபற்றி உரையாடியபோது, தையற்பொறிக்கு விலக்களித்தார். மனைவிமீது கொண்ட அன்பே சிங்கரை அதனைச் செய்யத் தூண்டியது என்பது அவர் கருத்து. சிங்கரின் குடும்ப வாழ்க்கை அவ்வளவு சீரானதன்று, அதை விட்டுவிடுவோம்.

இவற்றையெல்லாம் நான் படித்தறிந்தது விழாவுக்குப் பின்னர்தான். பிறகு அந்த அம்மையாரையும் அழைத்துக்கொண்டு நகரத்துக் கடையொன்றுக்குச் சென்றேன். பொத்தானை அழுத்தினால் பூவும் இலையும் தைக்கும் மின்னணுப் பொறியைக் கடைக்காரர் காட்டினார். நானும் மயங்கினேன் என்பதை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன். அம்மையார் மயங்கவில்லை. “எனக்கு நேர்த்தையல் போதும் சார். காஜா கையாலேயே எடுத்துவிடுவேன். இது கெட்டால் எங்கள் ஊரில் யார் பார்ப்பார்கள்?” என்றார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

கடைத்தெருவின் கோடியில் பழைய தையற்பொறிகளைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவருடைய பட்டறையில், வார்ப்பிரும்புக் காலும் மிதியும் கொண்ட கறுப்புப் பொறியொன்று விலைக்கு இருந்தது. அவ்வகைப் பொறி பல்லாண்டுகளாகப் பெரிய மாறுதலின்றிச் செய்யப்படுவது. அதன் உதிரிப் பாகங்கள் லூதியானாவின் பட்டறைகளிலிருந்து சிற்றூர்க் கடைகள்வரை வருகின்றன. கையாற் சுற்றும் பொறியில் வலக்கை சக்கரத்தோடு போய்விடும். துணியைப் பிடிக்க இடக்கை ஒன்றே மிஞ்சும். மிதியிருந்தால் இரு கைகளும் துணிமேல் இருக்கும். மின்சாரம் நின்றாலும் வேலை நிற்காது. பிற்காலத்தில் வேண்டுமானால் ஒரு சிறு மோட்டாரையும் பொருத்திக்கொள்ளலாம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றைப் பெரியவர் வாயாற் சொல்லாமல் கையாற் காட்டினார். முதலில் சக்கரத்தை மெல்லச் சுழற்றினார். எங்கும் இடறாமற் சுழன்றது. ஊசி பூட்டிய தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார், ஆட்டமில்லை. துணியை நகர்த்தும் பற்களை விரலால் தடவி, தேய்வில்லை என்று தலையசைத்தார். பிறகு மேலே சிவப்பு நூலும், பாபினில் வெள்ளை நூலும் இட்டு, 14-ஆம் எண் ஊசியால் இரண்டு மடிப்புத் துணியில் ஒரு சாண் தைத்தார். துணியைப் புரட்டினால் சிவப்பு நூல் வளையம் வளையமாகத் தெரிந்தது. மேல் நூல் தளர்ந்திருக்கிறது என்பது அதன் பொருள். டென்ஷன் திருகை ஒரு சுற்றுக்கும் குறைவாக இறுக்கி மறுபடி தைத்தார். மேலே சிவப்பு, கீழே வெள்ளை, ஒன்றன் நிறம் மற்றதன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முப்பதாண்டுகளுக்கு மேலாக வகுப்பறையிற் சோதனைகள் செய்துகாட்டியவன் நான். இவ்வளவு தெளிவான சோதனையைச் செய்துகாட்டியதாக நினைவில்லை.

பிறகு நான்கு மடிப்புத் துணியை அம்மையாரிடம் கொடுத்து, “நீங்கள் மிதியுங்கள் அம்மா” என்றார். முதலிற் சக்கரம் பின்னோக்கிச் சுழன்று நூல் அறுந்தது. மூன்றாம் முறை ஊசி தயங்காமல் நான்கு மடிப்பையும் கடந்து சென்றது. விலையில் ஒரு பகுதியை நான் கொடுக்க முன்வந்தபோது அவர் ஒப்பவில்லை. மூன்று மாதத் தவணையில் தாமே கட்டுவதாகப் பெரியவரிடம் பேசி முடித்தார்.

பொறி வீட்டுக்கு வந்த வாரத்தில், பள்ளியில் மூட்டையாகக் கிடந்த பதினெட்டுப் பாவாடைகளையும் அவர் கேட்டனுப்பினார். பழைய தையலை முற்றும் பிரித்துவிட்டு, மறுபடி தைத்து, மடித்துக் கொண்டுவந்து வைத்தார். அப்போதுதான், மேசைக்குள் நான் காத்துவைத்திருந்த அந்தக் கூலியைப் பெற்றுக்கொண்டார். அவர் போனபின், யாரும் பார்க்காத நேரத்தில், ஒரு பாவாடையின் நூல் நுனியைப் பிடித்து நான் இழுத்துப் பார்த்தேன். நூல்தான் அறுந்தது.