பழைய மெசியின் டீசல் பம்ப்

பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தும் நாட்கள் நெருங்குகின்றன. தோப்பூர், மூதூர்ப் பக்கத்து விவசாயிகளோடு இன்று பழைய உழவு இயந்திரத்தின் டீசல் பம்பைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

மெசி பெர்குசன் 135 வெளிவந்தது 1960களின் நடுப்பகுதியில். அதன் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு டீசலைப் பங்கிட்டு அனுப்புவது சி.ஏ.வி. டி.பி.ஏ. என்ற சுழல் பம்ப். பழைய லாண்ட் ரோவர் டீசலிலும் இதே வகைதான். கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. ஆனாலும் உள்ளே சுழலும் ரோட்டருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி, தலைமுடித் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதற்கென்று தனி ஓயிலும் கிடையாது. உள்ளே ஓடுகிற டீசல்தான் அதற்கு ஓயில்.

இது விளங்கினால் மிச்சமெல்லாம் விளங்கும். விலை குறைவென்று மண்ணெண்ணெய் கலந்தவர்கள் பம்பின் வழுவழுப்பைப் பறித்தார்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியதும் அந்த இலாபம் சுருங்கிவிட்டது. தண்ணீர்தான் இன்னும் பெரிய எதிரி. அறுவடை முடிந்து பாதி டாங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தினால், கொட்டியாரக் குடாவின் ஈரக்காற்று இரவில் டாங்குக்குள் குளிர்ந்து நீராகும். அந்த நீர் டீசலுக்கு அடியில் தங்கி, பிறகு பம்புக்குள் போய்த் துருவாகும். சிறு துருவே ரோட்டரை இறுக்கிவிடும்.

ஆகவே நிறுத்தும்போது டாங்கை நிரப்பி நிறுத்துங்கள். காசு முடங்குகிறதே என்று தோன்றும். பம்பைத் திருத்தும் செலவை எண்ணிப் பாருங்கள். மறுபடி இயக்குமுன் பில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, தெளிந்த டீசல் வரும்வரை வடியுங்கள்.

பில்டர் மாற்றினால் காற்றுப் பிடிக்கும். டாங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிப்ட் பம்பின் கைப்பிடியை அடித்து, முதலில் பில்டரிலும் பிறகு பம்பிலும் உள்ள திருகுகளில் குமிழி நிற்கும்வரை காற்றை எடுங்கள். கடைசியாக நொசில் பைப் நட்டுகளைத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பம்பை மட்டும் வீட்டில் பிரிக்க வேண்டாம். அது டெஸ்ட் பெஞ்ச் உள்ளவரின் வேலை.

கழற்றிய நொசிலை வெளியே பீய்ச்சிப் பார்க்கும் பழக்கம் உண்டு. அதன் முன்னால் கையை வைக்காதீர்கள். அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். முதலில் ஊசி குத்தியதுபோல்தான் இருக்கும், வலி பிறகுதான் வரும், விரலையே இழக்க நேரிடலாம். பட்டால் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் தோலுக்குள் பாய்ந்துவிட்டதென்று டொக்டரிடம் சொல்லுங்கள்.