பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி

(விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், நம்மவர்கள் முதலில் கேட்பது நோயைப் பற்றியல்ல. "எப்படிப் போவது?" என்றுதான். நியாயமான கேள்வி. தென் மாவட்ட பஸ்கள், 2023 டிசம்பர் 30-ல் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. சென்ட்ரல் எதிரேயுள்ள ஆஸ்பத்திரிக்கு இன்னும் சுமார் 30 கிலோமீட்டர்! ஆட்டோ பிடித்தால் நாள் கூலி போதாது. விடிந்தபின் இறங்கி நெரிசலில் சிக்கினால், புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் நேரம் தப்பும். மறுநாள் கூலியும் போகும்.

ஆகவே இருட்டோடு இறங்குங்கள். டவுன் பஸ்ஸில் தாம்பரம் போங்கள். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கூடப் போகும் ஆணுக்கு உண்டு. தாம்பரத்தில் பீச் செல்லும் மின்சார ரயிலில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்குங்கள். எக்மோர் என்று கேட்டதும் எழுந்துவிடாதீர்கள், அடுத்ததுதான் பார்க். அங்கிருந்து நடைதான். போக வர டிக்கெட்டாக எடுத்தால் திரும்பும்போது வரிசையில் நிற்க வேண்டாம். பழைய சீட்டு, எக்ஸ்ரே, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் இந்த யோசனையெல்லாம் வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நோயாளி நான்கு இடம் ஏறி இறங்குவது என்ன நியாயம்? விடியற்காலை 4 மணி முதல் கிளாம்பாக்கத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்குச் சாதாரணக் கட்டண பஸ்கள் அதிகம் விடக் கோரி மனு தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.