டெசாரு மணலிலிருந்து உலகப் பட்டியலுக்கு



டெசாரு கடற்கரைக்குப் போகாத ஜொகூர்ப் பிள்ளைகள் குறைவு. அந்த மணலிலிருந்து ஸ்கூடாய் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியா, 2015இல் 'ஜியோட்கலிபேசில்லஸ் மலேசியென்சிஸ்' என்ற புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. அதன் பேரினம் 2001இல் முதன்முதலாக அறியப்பட்டது கொரியர்கள் உப்பிட்டு நொதிக்கவைக்கும் கடலுணவில்.

அறிவிப்பது எளிதன்று. ஒரு கிராம் மண்ணை உப்புநீரில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, அகார் தட்டில் பூச வேண்டும். ஓரிரு நாளில் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் எழும். ஒன்றைக் கம்பி முனையால் தொட்டு அடுத்த தட்டில் இழுக்க வேண்டும். கலப்பு தெரிந்தால் மறுபடியும் இழுக்க வேண்டும். தூய வளர்ப்பு கைக்கு வந்தபின், பாக்டீரியாவை இனங்காண உதவும் 16எஸ் மரபணுவின் ஏறத்தாழ 1,500 எழுத்துகளைப் படித்து, ஏற்கெனவே பெயர் பெற்ற இனங்களோடு ஒப்பிடுவார்கள். ஒற்றுமை 98.7 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் புதிய இனமாக இருக்கலாம். முழு மரபணுத்தொகுதியை ஒப்பிட்டால் எல்லை 95, 96 விழுக்காடு. செல்சுவர், கொழுப்பு அமிலம், தாங்கும் உப்பு, வெப்பம் எல்லாம் பார்த்த பிறகுதான் பெயர்.

அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. உயிருள்ள மாதிரியை இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். இல்லையேல் பெயர் செல்லாது. டெசாரு பாக்டீரியா ஜெர்மனியிலும் தென்கொரியாவிலும் இருக்கிறது. வேறு ஆய்வாளர்கள் அதைக் கேட்டு வாங்கிச் சோதிக்கலாம், தவறென்றால் மறுக்கலாம். தம் முடிவை மறுக்கத் தேவையானதையும் தாமே எடுத்துக் கொடுப்பவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

மண்ணில் இப்படித் தேடுவதால் என்ன பயன் என்று கேட்டால், ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. 1950களில் போர்னியோ உள்காட்டு மண்ணை ஒரு மதபோதகர் அமெரிக்காவுக்கு அனுப்பினார். அதிலிருந்த பாக்டீரியா தந்ததுதான் வான்கோமைசின். 1958இல் புழக்கத்துக்கு வந்த அந்த மருந்தை, மற்ற மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளுக்காக இன்றும் நம் மருத்துவமனைகளில் ஏற்றுகிறார்கள். அன்று நம் வட்டாரத்து மண் கடல் கடந்துபோய்ப் பயன் தந்தது. இன்று அதே வேலையை ஸ்கூடாயிலேயே செய்ய முடிகிறது.

பட்டதாரிகளே, உங்களில் பலருடைய தாத்தா பாட்டி இந்த மண்ணில் பால்மரம் சீவியவர்கள். அவர்கள் நடந்த தோட்ட மண்ணும், பொந்தியான் கரிமண்ணும், குக்குப் தீவின் அலையாத்திச் சேறும் இன்னும் முழுதாக ஆராயப்படவில்லை. வகைப்பாட்டியலில் காசு இல்லை என்று சொல்லி ஒதுக்கிவிடாதீர்கள். முதுகலைக்குப் போகிறவர்களில் சிலராவது இதை எடுத்துப் படியுங்கள். கிடைக்கும் மாதிரிகளை நம் நாட்டுச் சேமிப்பகத்திலும் வையுங்கள்.