நாயின் குறைகளையும் சொல்லித்தான் ஆகணும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வேலையைத் தவிர வேற எதைப் பத்தியாவது பத்து நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொல்லிவிட்டார். நான் பம்புகளைப் பற்றி ஆரம்பித்தால் நீங்கள் எல்லாரும் பந்திக்கு எழுந்து போய்விடுவீர்கள் என்ற பயம் அவருக்கு. அதனால் நாய்களைப் பற்றிப் பேசுகிறேன்.

நம்ம விடுதி மெஸ்ஸுக்குப் பின்னால் எந்த வருஷமும் ஒரு நாய் இருந்திருக்கிறது. பெயர் மட்டும் பேட்ச்சுக்குப் பேட்ச் மாறும். அதற்குச் சோறு போட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். செமஸ்டர் லீவில் அது என்ன சாப்பிட்டது என்று கேட்டவர்கள் குறைவு. நானும் கேட்டதில்லை.

2019-ல் ஒரு நண்பர் இழுத்துக்கொண்டு போனதால் சென்னைக்கு வெளியே இருக்கும் ஒரு நாய்க் காப்பகத்துக்குப் போனேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கேதான். நாங்கள் ஒரு பத்துப் பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. உண்ணி எடுப்பது, குளிப்பாட்டுவது, நடக்கக் கூட்டிப் போவது, போட்டோ எடுப்பது, அப்புறம் வீடு தேடுவது. இந்தக் கடைசி வேலைதான் பெரிய வேலை.

அங்கே வந்து சேருவதெல்லாம் தெருநாய்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படி இல்லை. வண்டியில் அடிபட்டது உண்டு, அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போன குட்டிகள் உண்டு. அவற்றோடு, இடுப்பு எலும்பு தேய்ந்த வயசான லேப்ரடார், சென்னை வெயிலில் மூச்சிரைக்கும் ஹஸ்கி. காசு கொடுத்து வாங்கியவர்கள்தான் கொண்டுவந்து விடுகிறார்கள். "வீடு மாறுறோம் சார், புது ஹவுஸ் ஓனர் ஒத்துக்கலை." இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. நாய் வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கம் தடை செய்ய முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அந்தத் தாளை அச்சடித்துக் கொடுத்துப் பார்த்தோம். சில பேர் வாங்கிக்கொண்டு, நாயையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

சென்னைக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து தடுப்பூசி போடலாம் என்று புளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே இங்கே ஆரம்பித்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆகிவிட்டது. ஆனால் கருத்தடையால் இனிமேல் பிறக்கும் எண்ணிக்கைதான் குறையும். ஏற்கெனவே காப்பகத்தில் படுத்திருக்கும் நாய்க்கு ஒரு வீடுதான் வேண்டும்.

வீடு தேடுவதில் முதல் பாடம் போட்டோ. ஆரம்பத்தில் நின்றபடியே மேலிருந்து எடுப்பேன். எல்லா நாயும் குற்றவாளி மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு விழும். தரையில் உட்கார்ந்து அதன் கண் மட்டத்தில் எடுக்கணும். கறுப்பு நாயை டியூப் லைட்டில் எடுத்தால் வெறும் நிழல்தான் தெரியும். காலை வெயிலில் எடுத்தால்தான் முகம் வரும். இரண்டாவது பாடம், கேள்வி கேட்பது. வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா? ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? பால்கனிக்குக் கம்பி இருக்கா? வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி போடுவீர்களா? "பொண்ணு பார்க்க வந்த மாதிரி கேக்குறீங்களே" என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

இவ்வளவு கேள்வி கேட்கிற நான் ஒரு விஷயத்தை மறைத்தேன். அதைச் சொல்லத்தான் மேடைக்கு வந்தேன்.

மணி என்று ஒரு நாட்டு நாய். செம்பழுப்பு, அமைதி. பதினாலு மாசம் யாரும் எடுக்கவில்லை. வருகிறவர்கள் "இது என்ன ஜாதி?" என்பார்கள், "நாட்டு நாய்" என்றதும் அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். 2022-ல் அம்பத்தூர் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயாவும் அம்மாவும் வந்தார்கள். தனி வீடு, நல்ல மனசு, எல்லாக் கேள்விக்கும் நல்ல பதில். மணிக்கு வெடிச் சத்தம் ஆகாது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஒரு சரம் வெடித்தாலே கூண்டுக் கம்பியைக் கடிக்கும். படிவத்தில் "குணம், பயம்" என்று ஒரு வரி இருக்கிறது. அதில் "நல்ல குணம்" என்று மட்டும் எழுதினேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

தீபாவளி ராத்திரி போன் வந்தது. வாசல் போர்ட்டிகோவில் கட்டியிருக்கிறார்கள். எதிர்வீட்டில் பத்தாயிரம் வாலா. மணி பின்னுக்கு இழுத்து, கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடிவிட்டது.

ஒன்பது நாள் தேடினோம். ரயில் பாதை ஓரம், மார்க்கெட், தொழிற்பேட்டை சந்துகள். கிடைக்கவே இல்லை. ஒன்பதாவது நாள் அந்த ஐயா காபி கொடுத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"சொல்லியிருந்தா உள் ரூம்ல ஜன்னலைச் சாத்திப் பக்கத்துலயே உக்காந்திருப்போமே. எடுத்துக்க மாட்டோம்னு நீங்களா எப்படி முடிவு பண்ணீங்க?"

அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. கையில் அந்தக் கழுத்துப்பட்டை இருந்தது.

நம்ம ஆளுங்க நேம் பிளேட் இல்லாத மோட்டாரைத் தொட மாட்டோம். வோல்டேஜ் எவ்வளவு, எவ்வளவு ஆம்பியர் இழுக்கும் என்று தெரியாமல் கனெக்‌ஷன் கொடுக்க மாட்டோம். நான் பிளேட்டில் ஒரு வரியைச் சுரண்டிவிட்டு டெலிவரி கொடுத்திருக்கிறேன்.

அதற்கப்புறம் எங்கள் படிவத்தில் குறைகள்தான் முதலில் வரும். எடுக்கிறவர்கள் குறைவார்கள் என்று சக தொண்டர்கள் சண்டை போட்டார்கள். கொஞ்சம் குறைந்தார்கள்தான். ஆனால் திரும்பக் கொண்டுவந்து விடுகிறவர்களும் குறைந்தார்கள். மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம் கழித்துப் போன் பண்ணிக் கேட்கிறோம். முதல் மூணு நாள் நாய் சோபாவுக்கு அடியிலேயே கிடக்கும், சாப்பிடாது. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் பதறுவதில்லை. 2025 ஆகஸ்ட்டில் டில்லி தெருநாய்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் விருப்பமுள்ளவர்கள் தத்தெடுக்கலாம் என்று சொன்னபோது, எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னது. படித்ததும் எனக்கு மணி ஞாபகம்தான் வந்தது.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு நாயைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

பெயர் கருப்பி. பெண். வயசு 5 இருக்கலாம். விபத்தில் வலது பின்னங்கால் போய்விட்டது, மூணு காலில் நன்றாக ஓடும். கருத்தடை ஆச்சு, ஊசிகள் போட்டாச்சு. குறைகள்: பூனை ஆகாது. மழை பெய்தால் வெளியே போகாது, வீட்டுக்குள்ளேயே போய்விடும். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் கை வைத்தால் உறுமும். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு வேண்டாம். வெடிக்குப் பயப்படாது, மிக்ஸி சத்தத்துக்குப் பயப்படும். ரெண்டு வருஷமாக எங்களிடம் இருக்கிறது. போட்டோ என் போனில் இருக்கு. பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குக் காட்டுகிறேன்.