சுவர் திருப்பித் தரும் வெளிச்சம்

(ஆவடிப் பகுதி ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிக்குப் பெயின்ட் அடிக்க நிதி கிடைத்ததும் எழும் முதல் கேள்வி, 'என்ன கலர்?' என்பதுதான். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் நீலம் கேட்டார்கள். வெயிலுக்குக் குளுமை என்றார்கள். மீதிப் பேர் சந்தன நிறம் கேட்டார்கள். அழுக்கு தெரியாது என்றார்கள். மின்சாரம் போனதும் நோட்டை ஜன்னல் பக்கம் சாய்த்து எழுதும் கடைசி பெஞ்சுக் குழந்தையைப் பற்றி யாரும் பேசவில்லை.

உள்சுவரின் நீலம் கண்ணுக்குக் குளுமை தரலாம்; அறையின் வெப்பத்தைக் குறைக்காது. வெயிலைத் திருப்பி அனுப்ப மொட்டை மாடியில்தான் வெள்ளை பூச வேண்டும். உள்சுவரின் வேலை வேறு: ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்தை உள்ளே கடத்துவது.

ஒரு சுவர் 70 விழுக்காடு ஒளியைத் திருப்பித் தருகிறது என்று கொள்வோம். இரண்டு முறை பட்டுத் திரும்பினால் 49 விழுக்காடு மிஞ்சும். 30 விழுக்காடு மட்டுமே திருப்பித் தரும் அடர்நீலச் சுவரில் மிஞ்சுவது வெறும் 9. கடைசி பெஞ்சின் இருட்டுக்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

அதற்காக நீலத்தை ஒதுக்க வேண்டியதில்லை. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் சிறிது நீலம் கலப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். மஞ்சள் தெரியாமல் சுவர் பளிச்சென்று இருக்கும். வெளிர்நீலமும் நல்ல வெளிச்சம் தரும். அடர்ந்த சந்தன நிறமும் இருட்டடிக்கும். நிறத்தின் பெயரைவிட அதன் அடர்த்தியே முக்கியம். பல நிறுவனங்கள் ஒவ்வொரு ஷேடுக்கும் ஒளி திருப்பும் அளவை 0 முதல் 100 வரையிலான எண்ணாகத் தருகின்றன. கடையில் கேளுங்கள்.

நாங்கள் ஒரே சுவரில் சார்ட் அளவுக்கு மூன்று ஷேடுகளை இரண்டு கோட்டிங் அடித்துப் பார்த்தோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கைப்பேசியின் ஒளிமானிச் செயலியைச் சுவரை நோக்கி ஓரடி தூரத்தில் பிடித்து, காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் குறித்தார்கள். அடர்நீலம் மூன்று வேளையும் கடைசி இடம்தான்.

பிறகு முடிவெடுப்பது எளிதாயிற்று. மதில் மறைக்கும் கீழ்த்தள அறைகளுக்கு வெளிர் சந்தனம், நல்ல வெளிச்சமுள்ள மாடி அறைகளுக்கு வெளிர்நீலம், கூரையின் அடிப்பக்கம் எங்கும் வெள்ளை. கை படும் நான்கடி உயரத்துக்கு மட்டும் கழுவக்கூடிய அடர்நிற எனாமல்.

உங்கள் பள்ளியில் கலர் முடிவு செய்யும் முன், விளக்குகளை அணைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.