சுற்றும் தடமும்: ஓட்டப்போட்டி ஏற்பாட்டில் சொல்லின் பொறுப்பு



மொழியியலில் காலங்கழித்தவர் விளையாட்டுத் திடலைப் பற்றிப் பேச வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், திடலில் நிகழ்ந்த ஒரு சிறு தடுமாற்றமே இவ்வுரைக்குக் காரணமாயிற்று.

மூவார் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் விளையாட்டுப் பொறுப்பாசிரியர், ஆண்டு விளையாட்டுப் போட்டிக்கான நிரலை வகுக்கச் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றைத் துணைக்கொண்டார். வினாக்களைத் தமிழிலேயே தட்டச்சு செய்தார். அதற்காக அவரைப் பாராட்டுகிறோம். 27 மாணவர்கள், 6 தடங்கள், நான்கு இல்லங்கள் எனக் கொடுத்ததும், பொறி நொடிப்பொழுதில் ஐந்து குழுக்களாகப் பிரித்துத் தந்தது. சென்ற ஆண்டு நேரப்படி விரைவாக ஓடுவோர் அனைவரும் ஒரே குழுவில் சேர்ந்துவிடாதவாறு, ஒரு வரிசையை முன்னிருந்து பின்னும், அடுத்ததைப் பின்னிருந்து முன்னுமாக அடுக்கியது. ஐந்து குழுக்களின் முதல்வர்கள் ஐவரும், எஞ்சியோருள் குறைந்த நேரத்தில் ஓடிய ஒருவரும் இறுதிக்குச் செல்வர் என்றது. நாம் தாளும் அழிப்பானுமாக ஒரு மாலை முழுதும் செய்த வேலை அது.

இடர் அடுத்த இரண்டு வினாக்களில் வந்தது.

முதல் வினாவில் ஆசிரியர், “200 மீட்டர் தடத்தில் ஆறு தடங்கள், 200 மீட்டர் ஓட்டத்துக்குத் தொடக்கக் கோடுகளைக் கணக்கிட்டுத் தருக” என்று எழுதியிருந்தார். அவர் முதலில் சொன்ன ‘தடம்’ திடலின் முழுச்சுற்று. அடுத்துச் சொன்ன ‘தடம்’ ஒருவர் ஓடும் ஒற்றை வழி. பொறியோ முதல் தொடரையும் ஓட்டத்தின் தொலைவாகவே கொண்டு, பன்னாட்டு முறையிலான 400 மீட்டர் அரங்கை மனத்தில் வைத்துக் கணக்கிட்டது.

கணக்கு எளியது. தடத்தின் அகலம் 1.22 மீட்டராயின், ஒரு முழுச் சுற்றில் ஒவ்வொரு வெளித்தடமும் தன் உள்தடத்தைவிட ஏறத்தாழ 7.67 மீட்டர் நீளும். அரைச் சுற்றில் 3.83 மீட்டர் நீளும். சுற்றின் மொத்த நீளம் எதுவாயினும் இவ்வளவு மாறாது. தடத்தின் அகலமே இதனை முடிவு செய்கிறது. பெரிய அரங்கில் 200 மீட்டர் என்பது அரைச்சுற்று. நம் பள்ளித் திடலில் அதுவே முழுச்சுற்று. எனவே ஆறாம் தடத்துப் பிள்ளைக்கு 38 மீட்டர் முன்தள்ளி இட வேண்டிய கோடு, 19 மீட்டரிலேயே இடப்பட்டது. அப்பிள்ளை முதல் தடத்துப் பிள்ளையைவிட 19 மீட்டர் கூடுதலாக ஓடிக் கடைசியில் வந்திருக்கும். தன் கால்களையே நொந்திருக்கும். முதல்நாள் மாலை, அளவு நாடாவுடன் திடலைச் சுற்றி நடந்ததால் ஆசிரியர் பிழையைக் கண்டார்.

இரண்டாவது வினாவில் அவர், “400 மீட்டர், 2 சுற்று” என்று எழுதியிருந்தார். திடலை இருமுறை சுற்றுவது என்பது அவர் கருத்து. பொறியோ, தகுதிக்கு ஒரு சுற்று, இறுதிக்கு ஒரு சுற்று எனக் கொண்டது. விட்டிருந்தால், பிள்ளைகள் ஒரே காலையில் 400 மீட்டரை இருமுறை ஓடியிருப்பர்.

“ஐயா, நான் தமிழில்தானே கேட்டேன், ஏன் பிழைத்தது?” என்று அவர் நம்மிடம் வினவினார்.

தமிழ் பிழைக்கவில்லை என்பதே நம் விடை. ஒரு சொல் பல பொருள் தருவது எம்மொழிக்கும் இயல்பு. திடலில் நிற்கும்போது கையசைவும் சுண்ணாம்புக் கோடும் பொருளைத் தெளிவிக்கின்றன. பொறிக்கு முன்னால் அவையில்லை. சொல் மட்டுமே நிற்கிறது. அச்சொல் ஒரு பொருளே தருமாறு நிற்க வேண்டும். கலைச்சொல் என்பதன் இலக்கணமே அதுவன்றோ?

நாடுதோறும் வழக்கு வேறுபடுவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் திடல்தடம் என்பதைத் தமிழகத்தார் தடகளம் என்பர்; இலங்கையில் மெய்வல்லுநர் போட்டி என்பர். நமக்கு அஞ்சல் ஓட்டம். அவர்களுள் தமிழகத்தார்க்குத் தொடர் ஓட்டம். பொறி இவற்றைக் கலந்து தரக்கூடும். எந்த வழக்கும் தாழ்ந்ததன்று. ஆனால் ஒரே நிரலில் இரு வழக்கு வந்தால், ஒரு பிள்ளை தன் போட்டியின் பெயரையே அடையாளம் காணாமல் நிற்கும்.

ஆதலின் ஆசிரியர்களுக்கு நான்கு பரிந்துரைகளை முன்வைக்கிறோம். ஒன்று, வினவுமுன் சொற்களை வரையறுத்துக் கொடுங்கள். முழுத் திடல்வட்டத்தை ‘ஓடுகளம்’ என்றும், ஒருவர் ஓடும் வழியைத் ‘தடம்’ என்றும், வட்டத்தை ஒருமுறை வருவதைச் ‘சுற்று’ என்றும், முன்தேர்வைத் ‘தகுதி ஓட்டம்’ என்றும் கொள்ளலாம். இரண்டு, “ஒரு சொல் இருபொருள் தருமாயின், விடை தருமுன் என்னைக் கேள்” என்று பொறிக்கு முதலிலேயே சொல்லுங்கள். மூன்று, பிள்ளைகளின் பெயரும் மைகிட் எண்ணும் அதற்கு வேண்டா. ஓட்ட எண்ணும் வயதுப் பிரிவும் போதும். நான்கு, அளவு நாடாவைக் கைவிடாதீர்கள்.

மாணவர்களே, இந்நாட்டின் திடலில் தமிழர் பதித்த சுவடுகள் ஆழமானவை. 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மணி ஜெகதீசன் மூன்று தங்கமும், மயில்வாகனம் ராஜாமணி 400 மீட்டரில் தங்கமும் வென்றனர். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அத்தேசியச் சாதனை 2017இல்தான் முறியடிக்கப்பட்டது. கைருல் ஹஃபிஸ் ஜந்தான் எடுத்துக்கொண்ட நேரம் 20.90 வினாடி. நாற்பத்தொன்பது ஆண்டுக் காத்திருப்பைத் தீர்த்தது ஒரு வினாடியின் நூற்றில் இரு பங்கு. இத்தகைய நுண்மை ஆளும் களத்தில், ஒரு சொல்லின் மயக்கத்தால் 19 மீட்டர் பிசகலாமா?

பொறி கணக்கிடட்டும், அது அதன் வேலை. எதைக் கணக்கிட வேண்டும் என்று ஐயமறச் சொல்வது நம் வேலை. நம் பள்ளிகள் தத்தம் போட்டி நிரல்களையும் விதிகளையும் தெளிந்த தமிழில் எழுதிப் பாதுகாத்தால், அடுத்த ஆண்டு ஆசிரியர்க்கும் அது உதவும். ஆறாம் தடத்தில் நிற்கும் பிள்ளைக்கும் நீதி கிடைக்கும்.